பத்துப் படி தூரத்தில் இருக்கும் லேப்டாப்புக்கு ஃபைல் ஏன் போகமாட்டேங்குது?

மாசி மகம் முடிந்த மறுநாள், ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பூவராக சுவாமி தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்குப் போனபோது எடுத்த படங்களும் வீடியோக்களும் சேர்த்து 20 ஜிபி, கூடத்தில் தம்பியின் பழைய லேப்டாப்பில் இருக்கின்றன. லீவுக்கு வந்திருக்கும் அக்கா மாடியில், தன் புது லேப்டாப்போடு. ரெண்டும் ஒரே வைஃபை. நடுவில் பத்துப் படிக்கட்டுதான்.

"அக்கா, நெட்வொர்க்ல உன் லேப்டாப்பே காட்டமாட்டேங்குது."

"யூடியூப்ல பாருடா, ஏதாவது ஆன் பண்ணச் சொல்லுவாங்க."

யூடியூப் சொல்லும். ஃபயர்வாலை ஆஃப் பண்ணுங்க, பாஸ்வேர்டு பாதுகாப்பை எடுத்துவிடுங்க, எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணுங்க, ஃபோல்டரை 'எவ்ரிஒன்' என்று போட்டு 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்துடுங்க. நாலையும் செய்தால் பெரும்பாலும் ஃபைல் போய்விடும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. வேலை முடிந்த சந்தோஷத்தில் அந்த நாலையும் யாரும் பழையபடி மாற்றுவதில்லை. வீட்டுப் பத்திரம், பட்டா, ஆதார் ஸ்கேன், அப்பாவின் பாஸ்புக் எல்லாம் இருக்கும் கணினி அன்று முதல் தாழ்ப்பாள் இல்லாமல் கிடக்கிறது.

அந்த நாலில் ஒன்றைக்கூடத் தொடாமலே இந்த வேலையை முடிக்கலாம். எங்கே அடைத்திருக்கிறது என்று தெரிந்தால் அந்த ஒரு இடத்தைத் திறந்தால் போதும்.

இதற்கு முன் போய்க்கிட்டு இருந்துச்சே?

இருந்தது. 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் 'ஹோம்குரூப்' என்று ஒரு வசதி இருந்தது. ஒரு பாஸ்வேர்டைப் போட்டால் வீட்டுக் கணினிகள் எல்லாம் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளும். 2018 ஏப்ரல் விண்டோஸ் 10 அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் அதை நீக்கிவிட்டது. அதற்கு முன்பே, 2017 இறுதியில் வந்த பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் விண்டோஸில் எஸ்எம்பி 1 தானாக வருவதும் நின்றது.

எஸ்எம்பி என்பது, ஒரு கணினி இன்னொன்றிடம் "உன் ஃபோல்டரைத் திற, இந்த ஃபைலைக் கொடு" என்று கேட்கும் மொழி. 1980-களில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்தது. அதன் முதல் பதிப்புதான் எஸ்எம்பி 1. அதை ஓரங்கட்டியதற்கான காரணம் 2017 மே 12 அன்று உலகத்துக்கே தெரிந்தது.

அன்றுதான் 'வான்னாக்ரை' பரவியது. யாரும் எந்த லிங்க்கையும் க்ளிக் செய்யத் தேவையில்லை. ஒரு கணினியில் புகுந்தால், எஸ்எம்பி 1-ல் இருந்த ஓட்டை வழியாக அதே நெட்வொர்க்கில் உள்ள அடுத்த கணினிக்குத் தானாகவே தாவும். ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டு 300 டாலர் மதிப்புக்கு பிட்காயின் கேட்கும். 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாட்டின. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. இங்கே பக்கத்தில் கேரளத்தின் கிராமப் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகள்கூடத் தப்பவில்லை. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். மாட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள்.

இது ஏன் ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கதை? தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் பரண் மேலோ கூடத்திலோ இருக்கின்றன. தொடக்க ஆண்டுகளில் வந்தவை விண்டோஸ் 7 காலத்தவை. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆக, ஒரே வீட்டில் பத்து வருஷ இடைவெளியில் பிறந்த ரெண்டு கணினிகள். பழையது "யார் வேணாலும் வாங்க" என்று வளர்ந்தது. புதியது "யார் நீங்க, கையெழுத்துப் போடுங்க" என்று வளர்க்கப்பட்டது. ரெண்டும் பேசிக்கொள்ளத் தடுமாறுவதில் ஆச்சரியம் இல்லை.

இங்கே ஒரு தப்பான எண்ணத்தையும் சரிசெய்துவிடலாம். "பழசு விண்டோஸ் 7, அதனால எஸ்எம்பி 1 போட்டாத்தான் பேசும்" என்பார்கள். அது உண்மையில்லை. விண்டோஸ் 7-க்கே எஸ்எம்பி 2 தெரியும். எஸ்எம்பி 1 மட்டுமே தெரிந்தவை விண்டோஸ் எக்ஸ்பியும், சில பழைய நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க்குகளும், பின்னால் யுஎஸ்பி செருகும் சில பழைய ரவுட்டர்களும்தான். அப்படி ஒன்று வீட்டில் இருந்தால், ஒரே ஒருமுறை அதிலுள்ளதை வெளியே எடுத்துவிட்டு அதற்கு ஓய்வு கொடுப்பதே நல்லது.

முதலில், ரெண்டும் ஒரே தெருவில்தான் இருக்கின்றனவா?

வைஃபை பெயர் ஒன்றாக இருப்பதால் நெட்வொர்க்கும் ஒன்று என்று சொல்ல முடியாது. ஃபைபர் இணைப்பு கொடுத்தவர் ஒரு பெட்டி வைத்திருப்பார். மாடிக்கு சிக்னல் வரவில்லை என்று சிதம்பரத்திலோ விருத்தாசலத்திலோ இன்னொரு ரவுட்டர் வாங்கிவந்து அதோடு செருகியிருப்போம். ரெண்டாவது ரவுட்டர் தனியாக ஒரு நெட்வொர்க்கை உருவாக்கிக்கொள்ளும். கீழ்வீட்டுக் கணினி ஒரு நெட்வொர்க், மாடிக் கணினி வேறொரு நெட்வொர்க். இன்டர்நெட் ரெண்டிலும் நன்றாகவே வரும், அதனால் சந்தேகமே வராது.

கண்டுபிடிப்பது சுலபம். ரெண்டு கணினியிலும் வைஃபை 'ப்ராப்பர்ட்டீஸ்' பக்கத்தைத் திறந்து, ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். ஒன்று 192.168.1.5, இன்னொன்று 192.168.1.9 என்று முதல் மூன்று எண்கள் ஒத்துப்போனால், வீட்டு ரவுட்டர்களில் பொதுவாக அது ஒரே தெரு. ஒன்று 192.168.1 என்றும் மற்றொன்று 192.168.0 என்றும் தொடங்கினால் வேறு தெரு. அப்படியானால் ரெண்டாவது ரவுட்டரின் செட்டிங்ஸில் 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றினால் ரெண்டும் ஒன்றாகிவிடும். 169.254 என்று தொடங்கினால், அந்தக் கணினிக்கு ரவுட்டர் முகவரியே கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

'கெஸ்ட் வைஃபை'யில் சேர்ந்திருந்தாலும் இதே கதைதான். கெஸ்ட் வைஃபையின் வேலையே, உள்ளே வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தடுப்பது.

ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பா? விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால், அது வீட்டு நெட்வொர்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஆபீஸுக்கு அனுப்பலாம். பல கம்பெனிகள் ஃபோல்டர் பகிர்வையே பூட்டி வைத்திருக்கும். அதோடு மல்லுக்கட்டாதீர்கள். வீட்டு போட்டோவுக்காக ஆபீஸ் லேப்டாப்பின் பூட்டை உடைத்ததாக ஐடி டீமிடம் விளக்கம் சொல்வது யாருக்கும் சுகமான அனுபவம் இல்லை.

'நெட்வொர்க்' பகுதியில் காணோம் என்றால்?

காணாவிட்டால் என்ன, கதவு எண் தெரியுமே. இதை மட்டும் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 'நெட்வொர்க்' பகுதியில் தெரியும் கணினிப் பெயர்கள் வெறும் பெயர்ப் பலகை. பலகை இல்லாத வீட்டுக்கும் தபால் போகத்தான் செய்கிறது. ஃபைல் எக்ஸ்புளோரரின் மேலே உள்ள முகவரிப் பட்டையில் ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு, அடுத்த கணினியின் ஐபி எண்ணை அடித்து என்டர் தட்டுங்கள். பாஸ்வேர்டு கேட்டால், பாதை சரியாக இருக்கிறது, பிரச்சினை அடையாளத்தில்தான். ரொம்ப நேரம் சுற்றிவிட்டு 'பாத் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால், பாதையே அடைபட்டிருக்கிறது.

பாதை அடைபட்டதற்கு முதல் சந்தேக நபர், வைஃபையின் 'பப்ளிக்', 'பிரைவேட்' தேர்வு. புது வைஃபையில் சேரும்போது விண்டோஸ் 11 அதை பஸ் ஸ்டாண்ட் வைஃபை மாதிரியே நடத்தும். 'பப்ளிக்' என்று வைத்துக்கொண்டு உள்ளே யாரையும் விடாது. நல்ல பழக்கம்தான். ஆனால் வீட்டு வைஃபைக்கு மட்டும் நீங்களே போய் 'பிரைவேட்' என்று மாற்ற வேண்டும். அதே வைஃபை 'ப்ராப்பர்ட்டீஸ்' பக்கத்திலேயே இருக்கிறது. பிறகு 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்' போய், பிரைவேட்டின் கீழ் 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்' ரெண்டையும் ஆன் செய்யுங்கள். பப்ளிக்கின் கீழ் ரெண்டும் ஆஃபிலேயே இருக்கட்டும்.

இந்த ஒரு மாற்றம், ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கச் சொன்ன அந்த யூடியூப் அறிவுரைக்கு நேர் மாற்று. பிரைவேட் என்றதும் ஃபைல் பகிர்வுக்குத் தேவையான வாசலை மட்டும் ஃபயர்வாலே திறந்துகொள்ளும். தனியாக ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டிருந்தால் அதற்கென்று ஒரு ஃபயர்வால் இருக்கக்கூடும். அதிலும் வீட்டு நெட்வொர்க்கை 'நம்பகமானது' என்று சொல்ல வேண்டியிருக்கும்.

பெயர்ப் பலகையும் வேண்டும் என்பவர்கள், 'சர்வீசஸ்' பட்டியலில் 'ஃபங்ஷன் டிஸ்கவரி' என்று தொடங்கும் இரண்டையும் 'ஆட்டோமேட்டிக்' ஆக்கிவிட்டு, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம்.

பாஸ்வேர்டு கேட்குது. சரியாத்தான் போடறேன், ஏத்துக்கமாட்டேங்குது

அதிகம் பேர் அசந்துபோய் கைவிடும் இடம் இதுதான். தினமும் லேப்டாப்பைத் திறக்க அடிக்கும் நாலு இலக்கப் பின் நம்பர், நெட்வொர்க் வழியாகச் செல்லாது. முகம், கைரேகையும் செல்லாது. அவை அந்த ஒரு கணினிக்கு மட்டும் சொந்தம். நெட்வொர்க்கில் கேட்பது கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு. மைக்ரோசாஃப்ட் மெயில் ஐடியால் நுழைபவர்களில் பலருக்கு அந்த பாஸ்வேர்டு என்னவென்றே நினைவில் இருக்காது.

இன்னொரு பக்கம், கூடத்து லேப்டாப்பில் பாஸ்வேர்டே கிடையாது. "வீட்ல யார் வேணாலும் பாக்கட்டும்னு விட்டுட்டோம்." பாஸ்வேர்டு இல்லாத கணக்கை வைத்து நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் அனுமதிக்காது. எதிரில் உட்கார்ந்து திறக்கலாம், தூரத்திலிருந்து முடியாது.

அப்போ என்ன பண்றது? பகிரும் கணினியில், இதற்கென்றே ஒரு தனிக் கணக்கு தொடங்குங்கள். 'அதர் யூசர்ஸ்' பகுதியில், மைக்ரோசாஃப்ட் மெயில் ஐடி இல்லாமல் ஒரு சாதாரண லோக்கல் கணக்கு. பெயர் 'வீடு' என்று ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளலாம். நல்ல நீளமான பாஸ்வேர்டு. அட்மின் அதிகாரம் வேண்டாம். அடுத்த கணினியில் கேட்கும்போது அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை. யாருடைய சொந்த பாஸ்வேர்டையும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முன்பு தப்பாகப் போட்ட பாஸ்வேர்டைக் கணினி சேமித்து வைத்திருந்தால், 'கிரெடென்ஷியல் மேனேஜர்' போய் அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்புக்குப் பிறகு திடீரென்று பகிர்வு நின்றுபோனது என்பவர்களுக்கும் மருந்து இதுவே. 'புரோ' பதிப்பில், வந்துபோகும் தகவல் ஒவ்வொன்றிலும் கையெழுத்து இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து கட்டாயம். பாஸ்வேர்டு இல்லாத 'கெஸ்ட்' நுழைவால் கையெழுத்துப் போட முடியாது. அதுவரை கெஸ்ட்டாகவே பழகிய வீடுகளில் கதவு சாத்திக்கொண்டது. ரெஜிஸ்ட்ரியில் புகுந்து இந்தக் கட்டாயத்தை நீக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் விண்டோஸ் 7-ம் கையெழுத்துப் போடும். எதையும் நீக்க வேண்டாம்.

உள்ளே நுழைந்த பிறகு, ஃபோல்டர் தெரிகிறது ஆனால் திறக்கவில்லை என்றால், ஒரே ஃபோல்டருக்கு ரெண்டு அனுமதிப் பட்டியல் இருப்பதை நினைவில் கொள்ளுங்கள். 'ஷேரிங்' என்ற தாவலில் ஒன்று, 'செக்யூரிட்டி' என்ற தாவலில் ஒன்று. ரெண்டிலும் 'வீடு' கணக்கின் பெயர் இருக்க வேண்டும். ரெண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல் எல்லாம் தேவையே இல்லை.

நேத்து வந்துச்சு, கரன்ட் போய் வந்ததும் காணோம்

கடலூர் மாவட்டத்தில் இதை விளக்கவே வேண்டாம். மின்சாரம் போய் வந்ததும் ரவுட்டர் முகவரிகளைப் புதிதாக வழங்கும். நேற்று 5 ஆக இருந்த கணினி இன்று 8 ஆகியிருக்கும். டெஸ்க்டாப்பில் போட்டுவைத்த ஷார்ட்கட் பழைய கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டர் செட்டிங்ஸில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' பகுதியில், பகிரும் கணினிக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். மூடி வைத்த லேப்டாப் தூங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "காணோம்" என்ற புகார்களில் சில, மாடிக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தாலே தீர்ந்துவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு? வாட்ஸ்அப், டிரைவ் இல்லையா?

ஒரே ஒரு பிடிஎஃப் என்றால் தாராளமாக. 20 ஜிபி என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்லோடு வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றால், கிளவுடுக்கு ஏற்றவே இரண்டே கால் மணி நேரம் ஆகும், பிறகு இறக்கவும் வேண்டும். கூகுள் இலவசமாகக் கொடுப்பது மெயிலையும் சேர்த்து 15 ஜிபிதான். வாட்ஸ்அப் படமாக அனுப்பினால் தரம் குறையும். டாக்குமென்டாக அனுப்பினால் ஒரு ஃபைலுக்கு 2 ஜிபி வரை. பென் டிரைவ் பழைய ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒரு வீடியோவை வாங்கவே வாங்காது. தவிர, ஊரில் உள்ள எல்லா பிரின்ட் கடைக்கும் போய்வந்த பென் டிரைவில் படத்தோடு வேறு என்னென்ன வருமோ!

அதே 20 ஜிபி, வீட்டுக்குள்ளே 100 மெகாபிட் கேபிளில் அரை மணிக்குள் போய்விடும். ரெண்டு கணினியிலும் ரவுட்டரிலும் ஜிகாபிட் போர்ட் இருந்து, கேபிளும் நன்றாக இருந்தால் சில நிமிடம்தான்.

முக்கியமான விஷயம், இதற்கு இன்டர்நெட்டே தேவையில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்தின் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அப்படி ஒரு நிலையில் இன்ஷூரன்ஸ் தாளும் பயிர்ப் பதிவும் கிளவுடில் மட்டும் இருந்தால் கையில் இல்லை என்றுதான் அர்த்தம். ரவுட்டருக்குக்கூட கரன்ட் இல்லையா? ரெண்டு லேப்டாப்பையும் ஒரு லேன் கேபிளால் நேரடியாக இணைக்கலாம். இன்றைய லேப்டாப்புகளுக்கு அதற்கென்று தனிக் கேபிள் வேண்டாம். ஒரு நிமிடத்தில் ரெண்டும் மேலே சொன்ன 169.254 முகவரியைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். இந்த இணைப்பை விண்டோஸ் 'பப்ளிக்' என்று எடுத்துக்கொள்ளும் என்பதால், அதை மட்டும் பிரைவேட்டாக மாற்றிவிட்டு, அந்த எண்ணை அடித்தால் ஃபோல்டர் திறக்கும்.

எந்தக் கணினி பகிர வேண்டும் என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. படம் பழையதில் இருப்பதால் பழையதே பகிர வேண்டும் என்றில்லை. புதியதில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்து, பழையதிலிருந்து அதற்குள் கொண்டுவந்து போடச் சொல்லலாம். அப்டேட் நின்றுபோன விண்டோஸ் 7 கணினியின் கதவை வெளியார் தட்டுவதற்குத் திறந்து வைக்காமல் வேலை முடிகிறது. அக்கா வீட்டுக் கதை இப்படியே முடிந்திருக்கலாம்.

பகிரும் ஃபோல்டர் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். 'டி டிரைவ்' முழுவதையும் பகிர வேண்டாம். வான்னாக்ரைக்குப் பிறகு வந்த பணம் பறிக்கும் வைரஸ்களும், எழுத அனுமதி உள்ள பகிர்வு ஃபோல்டரைத் தேடிப்போய்ப் பூட்டும். எனவே பார்த்தால் மட்டும் போதும் என்ற படங்களுக்கு 'ரீட்' அனுமதி மட்டும். பத்திரம், பட்டா ஸ்கேன் போன்றவற்றுக்கு, எதிலும் செருகாமல் பீரோவில் இருக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு நகல்.

படம் எல்லாம் வந்து சேர்ந்ததும், ஃபோல்டரின் மேல் ரைட் க்ளிக் செய்து பகிர்வை நீக்கிவிடலாம். 'வீடு' கணக்கு அப்படியே இருக்கட்டும், அடுத்த மாசி மகத்துக்கு உதவும்.